பிராணஹிதைக் கரையில் பழைய மீன்கள்

தொண்டைமண்டலத்து ஏரிகளைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் நெமிலிப் பிரதேசத்தைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. குசஸ்தலையாறு ஊரை ஒட்டிச் செல்கிறது. சற்றுத் தூரத்தில் காவேரிப்பாக்கம் ஏரி, பல்லவர் காலந்தொட்டுப் பாலாற்று நீரை வாங்கிக் கடல் போலப் பரந்து கிடக்கிறது. மகேந்திரவாடியிலோ, வெட்டவெளியில் தனித்து நிற்கும் ஒற்றைப் பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்த மகேந்திரவர்மன், தன் பெயரால் வெட்டிய தடாகத்தையும் அந்தக் கோயில் சாசனத்திலேயே பொறித்து வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் ஏரி ஒன்றுக்கு அதை வெட்டியவனே சாட்சி சொல்லும் இடம் அது. ஆனால் அந்தக் கோயிலைத் தாங்கும் பாறைக்கு இதைப் போன்ற சாட்சி எதுவுமில்லை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய அந்தப் பாறை, மீன் என்னும் பிராணி உலகில் தோன்றுவதற்கு வெகு காலம் முற்பட்டது. ஆகவே, பழைய ஏரிகளில் வாழ்ந்து கல்லாகிப்போன நன்னீர் மீன்களைக் காண வேண்டுமென்ற ஆசை நெமிலியில் வசிக்கும் ஒருவனுக்கு உண்டானால், அவன் பிரயாணப்பட்டே தீரவேண்டும்.

அந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய பயிற்சி மட்டும் ஊரிலேயே கிடைத்தது. ஏரிமீன் வந்து இறங்கும் காலை வேளையில் காவேரிப்பாக்கத்துக் கரையில் நின்றால், அரை மணி நேரத்தில் மச்ச சாஸ்திரத்தின் முதல் பாடங்களைக் கற்றுக்கொள்ளலாம். கெண்டையின் செதில் மெல்லியது, வட்டமானது, விரலால் தடவினால் வழுவழுப்பாயிருப்பது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒன்றனுள் ஒன்றாக நுண்ணிய வளையங்கள் தெரியும். பனையேறிக் கெண்டை என்று நாம் அழைப்பது பெயரளவிலேதான் கெண்டை. அதன் செதிலின் பின் விளிம்பில் சிறு பற்கள் இருப்பதால் வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் கையை அரிக்கும். கெளுத்திக்கும் வாளைக்கும் செதிலே கிடையாது. ஆனால் கெளுத்தியின் மார்புத் துடுப்பில் உள்ள முள்ளுக்கு அதைப் பிடித்தவன் ஆயுள் முழுவதும் மரியாதை கொடுப்பான். கூடையில் கையை விட்டு, பார்க்காமலே மீனை இனம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அது எப்படிச் சாத்தியம் என்று கேட்டேன். "இதுல என்ன இருக்குது ஐயா, செதிலு ஒண்ணு, முள்ளு ஒண்ணு, வாயி ஒண்ணு. இது மூணையும் கை பாத்துக்கும்" என்றார். பிற்பாடு நான் படித்த ஆராய்ச்சி நூல்களில், கல்மீனை இனங்காண்பதற்குக் கூறப்படும் ஆதாரங்களுள் முதலிடம் பெறுபவை செதிலும், துடுப்பு முள்ளும், தாடையும் பல்லுமே.

எங்கள் வட்டாரத்தின் பிரதானத் தொழிலும் இதற்கு ஒரு வகையில் துணைசெய்தது. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ டேனரியில் நெடுநாள் வேலை பார்த்த ஒருவர், சுண்ணாம்பில் ஊறி ரோமமெல்லாம் நீங்கிய தோலின் மேற்பரப்பில் ரோமக்கண்கள் அமைந்திருக்கும் வரிசையைக் கொண்டே இது வெள்ளாடு, இது செம்மறி, இது மாடு என்று சொல்லிவிடுவார். மிருகம் போய்விட்ட பின்னும் அதன் ஜாதி லட்சணம் தோலில் எஞ்சி நிற்கிறது. மீன் மறைந்து கோடிக்கணக்கான வருஷங்களான பின்னும் அதன் செதிலில் எஞ்சி நிற்பதும் அத்தகையதே.

குசஸ்தலையின் போக்கிலே கிழக்கு நோக்கிச் சென்றால், பூகர்ப்ப சாஸ்திரிகளுக்குப் புண்ணிய பூமியான பிரதேசம் வந்துவிடுகிறது. ராபர்ட் புரூஸ் பூட் 1863-இல் ஆதி மனிதனின் கல்லாயுதங்களைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் இந்த ஆற்றின் வடிநிலத்திலேதான் இருக்கிறது. அவரே பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு ஜில்லாக்களில் அடங்கிய பகுதிகளின் நில அமைப்பை விவரித்து 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகள் என்று இன்று நாம் குறிப்பிடும் மென்மையான களிப்பாறைகளை அந்நூலில் அவர் வர்ணித்திருக்கிறார். சீத்தாப்பழ மரமோ மாமரமோ பூமியில் தோன்றாத காலத்து இலைகள் அந்தக் களிப்பாறை ஏடுகளுக்கிடையே அச்சடித்தாற்போல் இருக்கின்றன. அவற்றை வகைப்படுத்தி பைஸ்ட்மாண்டல் என்பவர் 1879-இல் எழுதினார். தாவரங்களைத் தேடுகிறவர்களுக்கு அது அக்ஷய பாத்திரம். நான் நாடிச் சென்றது மீனாகையால் அங்கே தங்காமல், சென்னைக்குப் போய் வடக்கே செல்லும் ரயில் ஏறி வாரங்கல்லில் இறங்கினேன்.

வாரங்கல்லிலிருந்து வடகிழக்காகக் காளேஸ்வரத்துக்குச் செல்லும் சாலை, பூமியின் சரித்திரத்தைத் தெரிந்தவர்களுக்கு ஓர் அரிய சாலை. பூபாலப்பள்ளியில் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களைக் கடக்கிறோம். அந்தக் கரி டைனோசர்களுக்கும் முற்பட்ட பெர்மியன் யுகத்துக் காடுகளின் மிச்சம். அங்கிருந்து ஆற்றை நோக்கிப் போகப்போகப் பாறைகள் இளமையாகிக்கொண்டே வருகின்றன. தேக்கு மரங்கள் இலையுதிர்த்து நின்ற பருவம் அது. சாலையின் இரு மருங்கும் செம்மணற்கல் வெளிப்பட்டுக் கிடந்தது. காளேஸ்வரத்தில் கோதாவரியும் பிராணஹிதையும் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சரஸ்வதியையும் சேர்த்துத் திரிவேணி என்பது ஐதீகம். ஒரே பானபட்டத்தில் இரண்டு லிங்கங்கள் எழுந்தருளியிருக்கும் அந்தக் கோயிலில் சேவித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தால் மகாராஷ்டிரத்தின் தென்கிழக்குக் கோடியான சிரோஞ்சா. அங்கிருந்து வடக்கே பிராணஹிதையின் இடக்கரையில் கோட்டா என்னும் சிற்றூர். மேப்பில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் புராதன மச்சங்களைப் பற்றிய நூல் எதுவும் இவ்வூரின் பெயரை விட்டதில்லை.

கர்னல் ஸைக்ஸ் என்பவர் கம்பெனி ஆட்சிக் காலத்தில் தக்காணத்தில் பணிபுரிந்தவர். தக்காணத்து நதிகளில் வாழும் மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1841-இல் நூல் எழுதியவரும் அவரே என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். உயிருள்ள மீன்களோடு அவ்வளவு பரிச்சயமுள்ள ஒருவர் மூலமாகவே, கோட்டாவில் கிடைத்த கல்மீன் ஒன்றைப் பற்றிய செய்தி 1851-இல் லண்டன் பூகர்ப்ப சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. மீனை விவரித்துப் பெயரிட்டவர் ஸர் பிலிப் எகர்ட்டன். இங்கிலாந்தில் புராதன மச்சங்களைச் சேகரிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த அந்தப் பிரபு இட்ட பெயர் லெபிடோட்டஸ் டெக்கனென்ஸிஸ். தக்காணத்து லெபிடோட்டஸ் என்று பொருள்.

கோட்டாவின் சுண்ணாம்புக்கல் பலகை பலகையாகப் படிந்தது. மழைக்காலத்தில் கலங்கலும் வேனிற்காலத்தில் தெளிவுமாக மாறி மாறி வந்த ஒரு பழைய ஏரியின் அடியில், காற்றுப் புகாத சேற்றில் விழுந்த மீன் அழுகிச் சிதறாமல் ஒருக்களித்த நிலையிலேயே மூடப்பட்டுவிட்டது. எனக்கு வழிகாட்டியாக வந்த இளைஞன், "இக்கட சூடன்டி அன்னா" என்று காட்டிய பலகையில் முழு மீன் இல்லை. கட்டைவிரல் நகத்தளவு செதில்கள் ஐந்தாறு வரிசை பிசகாமல் இருந்தன. அவை வட்டமல்ல, சாய்சதுரம். தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் கரும்பழுப்பு நிறத்தில் பீங்கான் போலப் பளபளத்தன. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கையில், ஒரு செதிலின் மேல் விளிம்பில் முளை ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதும், அதற்கு மேலுள்ள செதிலின் உட்புறத்தில் அம்முளை சென்று பொருந்தும் குழி இருப்பதும் தெரிந்தன. தச்சர்கள் பலகைகளை இணைக்கும் முறை அப்படியே அங்கிருந்தது. இன்று காவேரிப்பாக்கம் ஏரியிலுள்ள எந்த மீனுக்கும் இத்தகைய கவசமில்லை. செதில்களைக் கொண்டே மீன்களையெல்லாம் நான்கு பெரும் பிரிவாக்கலாம் என்று 1830-களில் சொன்ன ஸ்விட்ஸர்லாந்துக்காரர் லூயி அகாஸி, இத்தகைய மெருகிட்ட தடித்த செதிலுடையவற்றை கானாய்டு என்று வகுத்தார். அவருடைய நான்கு பிரிவுகளை உறவுமுறை காட்டும் வகுப்புகளாக இன்று யாரும் ஏற்பதில்லை. ஆயினும் செதிலின் வடிவத்தைக் குறிக்க அவர் ஆக்கிய சொற்கள் இன்றும் வழக்கிலிருக்கின்றன.

லெபிடோட்டஸின் பற்கள் உருண்டை உருண்டையாக, நத்தையையும் சிப்பியையும் நொறுக்கும்படி அமைந்தவை. ஐரோப்பாவில் இத்தகைய பற்கள் தனியே உதிர்ந்து கிடைத்தபோது, தேரையின் தலையில் விளையும் ரத்தினமென்றும் விஷத்தை முறிக்குமென்றும் நம்பி அங்குள்ளோர் மோதிரத்தில் பதித்து அணிந்தார்களாம். நாகத்தின் தலையில் மாணிக்கம் உண்டென்று நம்பும் நமக்கு அது விநோதமாகத் தோன்றாது.

எகர்ட்டனுக்குக் கோட்டாவிலிருந்து மேலும் மேலும் கற்கள் போய்ச் சேர்ந்தன. நீண்ட தலை, குறுகிய தலை, தடித்த செதில் என்று ஒவ்வொன்றின் விசேஷத்தையும் கண்டு, லெபிடோட்டஸில் மாத்திரம் அவர் பல இனங்களுக்குப் பெயரிட்டார். இதில்தான் வகைப்பாட்டின் உண்மையான சங்கடம் இருக்கிறது. சேற்றின் பாரத்தில் நசுங்கிய தலை நீண்டும் தோன்றலாம், குறுகியும் தோன்றலாம்; குஞ்சின் செதில் மெல்லியதாகவும் கிழ மீனின் செதில் தடித்ததாகவும் இருக்கும். ஏரிக்கரையில் ஒரு கூடை மீனைக் கொட்டிப் பார்த்தவனுக்கு ஒரே இனத்துக்குள் எத்தனை பேதம் இருக்கக்கூடும் என்பது தெரியும்; ஒரே ஒரு கல்லை மேஜைமேல் வைத்துப் பார்க்கிறவனுக்கு அது தெரிவது கஷ்டம். நூறு வருஷங்களுக்குப் பின் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.எல்.ஜெயின் கோட்டா மீன்களை மறுபடியும் கையிலெடுத்துக்கொண்டு, தாமும் சகாக்களும் புதிதாகச் சேகரித்தவற்றோடு ஒப்பிட்டுப் பல வருஷங்கள் உழைத்தார். உடல் உயர்ந்து தட்டையான ஒரு மீனை, ஐரோப்பிய டாபீடியத்திலிருந்து வேறானதென்று காட்டி 1973-இல் பாராடாபீடியம் என்னும் புதிய பேரினத்தில் வைத்தார். 1974-இல் கோட்டாவின் சீலகாந்த் மீனுக்கு இந்தோசீலகாந்தஸ் என்று பெயரிட்டார். 1983-இல் லெபிடோட்டஸ் பேரினம் முழுவதையும் கோட்டா இனங்களை முன்னிட்டு மீள்பரிசீலனை செய்தார். பெயர்களைக் கூட்டுகிற புகழைவிட, முன்னோர் இட்ட பெயர்களைக் கூட்டிக்கழித்துச் செம்மைப்படுத்துகிற உழைப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

புள்ளிவிவரத்துக்கென்று ஏற்பட்ட ஸ்தாபனம் கல்மீனில் எப்படி ஈடுபட்டது என்று வாசகர்கள் வியக்கலாம். அதன் நிறுவனரான மகலனோபிஸின் பரந்த நோக்கமே அதற்குக் காரணம். லண்டனிலிருந்து பமீலா ராபின்ஸன் வந்து தொடங்கிவைத்த பூகர்ப்ப ஆராய்ச்சிப் பிரிவு, இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு பிரம்மாண்டமான டைனோசரின் எலும்புகளைத் தோண்டியெடுத்தது. தோண்டியது ரவீந்திரநாத தாகூரின் நூற்றாண்டை ஒட்டிய காலமாகையால், பாரபாஸாரஸ் தாகோரை என்று 1975-இல் அதற்குப் பெயரிட்டார்கள். அதன் எலும்புக்கூடு கல்கத்தாவில் அவர்களுடைய காட்சிசாலையில் நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அதன் காலடியை விட்டு நகர்வதில்லை. கோட்டா மீன்களைக் காட்டும் பலகைகளின் முன் கால் மணி நேரமாவது நிற்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வேன். ஏனெனில் அந்த டைனோசர் எந்தக் காலத்தது என்பதை நிர்ணயிக்க நெடுநாள் ஆதாரமாயிருந்தவை இம்மீன்களே. லெபிடோட்டஸுக்கும் கோட்டாவின் இன்னொரு மீனான டெட்ரகொனோலெபிஸுக்கும் ஐரோப்பாவில் உள்ள பந்துக்கள் ஜூராஸிக் யுகத்தின் ஆரம்ப காலத்துப் பாறைகளில் கிடைப்பதால் கோட்டாவும் அக்காலத்ததே, அதாவது ஏறத்தாழ 18 கோடி வருஷங்களுக்கு முற்பட்டதே என்று கணித்தார்கள். நுண்ணிய ஓட்டுடலிகளை ஆராய்ந்த பிறர் அதைவிடச் சற்றுப் பிந்தியது என்கிறார்கள். அந்த வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வாதமும் உண்டு. ஐரோப்பாவில் இந்த உறவினர்கள் பெரும்பாலும் கடற்பாறைகளில் கிடைக்கிறார்கள். அப்படியானால் கோட்டாவில் இருந்தது ஏரியா, கடலா? மீனை மாத்திரம் கேட்டால் பதில் கிடைக்காது. கூட இருப்பவர்களைக் கேட்க வேண்டும். அதே அடுக்குகளில் பெரும்பாலும் நன்னீரில் வாழும் டார்வினுலா என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளும், குட்டைகளில் காணும் எஸ்தீரியாவின் ஓடுகளும், காராப் பாசியின் எச்சங்களும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டே ஏரி என்று பெரும்பாலோர் தீர்மானித்தார்கள். மீனின் குலத்தை மீனின் உடம்பு சொல்லும். அது குடித்த தண்ணீரை அதன் அண்டை அயலார்தான் சொல்ல வேண்டும்.

சிரோஞ்சாவிலிருந்து வடமேற்காகச் சந்திரப்பூர் ஜில்லாவில் வரோராவை அடுத்த டோங்கர்காவ் செல்வது என் பிரயாணத்தின் இரண்டாம் பகுதி. இங்கே காலம் பத்துக் கோடி வருஷங்களுக்கு மேல் தாவிவிடுகிறது. தக்காணத்தை எரிமலைக் குழம்பு மூடத் தொடங்கிய தறுவாயில், அதற்கு முன்னும் இடையிடையேயும் தேங்கிய ஏரிகளின் படிவங்கள் இங்கு இருக்கின்றன. வழியில் பிஸ்துராவில் டைனோசர்களின் கல்லான சாணம் வயல்களில் சிதறிக் கிடக்கிறது. அதனுள்ளே புல்லின் நுண்துகள்கள் இருப்பதை 2005-இல் கண்டு வெளியிட்டார்கள். டோங்கர்காவ் மீன்களை 1908-இல் ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் காட்சிசாலையின் ஸ்மித் வுட்வர்ட். அவர் கண்ட மீன்களுள் ஒன்றை லெபிடோஸ்டியஸ் இண்டிகஸ் என்றார். இதன் செதிலும் சாய்சதுரம், மெருகு, கவசம். ஆனால் கோட்டா மீனுக்கு இது சந்ததியல்ல. கார் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் நீண்ட மூக்குடைய இந்த மீன் குலம் இன்று வட அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் கியூபாவிலும் தவிர வேறெங்கும் உயிரோடில்லை. ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன் அது நம் ஏரிகளில் நீந்தியது என்பதற்கு இந்தச் செதில்களே அத்தாட்சி. செதிலின் மெருகில் உள்ள நுண்ணிய கொப்புளங்களின் அளவையும் இடைவெளியையும் மின்னணு நுண்ணோக்கியில் அளந்து, கார்களின் இரண்டு பேரினங்களைப் பிரித்துச் சொல்லும் முறையைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஒற்றைச் செதில் போதும், மீன் வேண்டியதில்லை.

ஒற்றைச் செதிலிலிருந்து மீனை வருவிக்கும் இந்த வித்தையில் நம் நாட்டில் முன்னோடியாக விளங்கியவர் ஸுந்தர்லால் ஹோரா. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் அதிபராயிருந்த அவர், உயிருள்ள மீன்களின் வகைப்பாட்டிலேயே தம் ஆயுளைச் செலவிட்டவர். மத்திய மாகாணத்து டியோத்தானிலும் கேரியிலும் எரிமலைப் பாறைகளுக்கிடையே கிடைத்த செதில்களை 1938-இல் ஆராய்ந்தார்; அதற்கு முந்திய வருஷம் காஷ்மீரத்துக் கரேவா ஏரிப் படிவங்களின் மீன் எச்சங்களை, இன்று அங்குள்ள நதிகளில் வாழும் மீன்களோடு ஒப்பிட்டு எழுதினார். கெண்டை வர்க்கத்துக்குத் தாடையில் பல் இல்லை. தொண்டைக்குள்ளே கடைசிச் செவுள் வளைவில் பல் இருக்கிறது. எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை பல், முனை கொக்கியா தட்டையா என்று பார்த்தே குலத்தைப் பிரிக்கலாம். இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள மீனின் எலும்புகள் அலமாரி நிறைய வேண்டும். ஹோராவிடம் அவை இருந்தன. தக்காணத்துப் பழைய ஏரிகளில் கிடைக்கும் செதில்களில் ஆஸ்டியோகிளாஸம் வர்க்கத்தினவும் உண்டு. அமேஸானின் அராபைமா மீன் சேர்ந்த அந்த வர்க்கத்துக்குத் தூரத்துப் பந்து ஒருவர் நம்மிடையே இன்றும் இருக்கிறார். கத்தி போல ஒல்லியாய், வயிற்றோடு வால் வரை ஒரே துடுப்பாய் நம் ஏரிகளில் கிடைக்கும் சொட்டைவாளைதான் அவர்.

டோங்கர்காவ் குன்றின் சரிவில் வெயில் ஏறிவிட்டிருந்தது. வுட்வர்டின் பட்டியலில் வேறொரு மீனும் இருக்கிறது: பிக்னோடஸ் லமேத்தே. பிக்னோடஸ் வர்க்கத்தினர் பெரும்பாலும் கடல்வாசிகள். ஏரிப் படிவமென்று நாம் கொண்டிருக்கும் இடத்தில் அதற்கு என்ன வேலை என்ற கேள்விக்கு, அப்போது கடல் நர்மதைப் பள்ளத்தின் வழியாகவோ வேறு வழியாகவோ உள்ளே வந்து போயிற்று என்று சிலர் விடை கூறுகிறார்கள். அக்குலத்தில் நன்னீருக்குப் பழகியவையும் இருந்தன என்று வேறு சிலர் கூறுகிறார்கள். இதைத் தீர்க்கப் பெரிய பலகைகள் பயன்படா. களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, தண்ணீரில் கரைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, எஞ்சும் கசட்டை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். கோட்டாவில் எலியினும் சிறிய பாலூட்டிகளின் பற்கள் அகப்பட்டதும் அந்த முறையினால்தான். சரிவின் அடியிலிருந்த கிணற்றோரத்தில் அப்படியொரு சல்லடை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எந்தக் கல்லூரி மாணவர்களுடையதோ தெரியவில்லை. பக்கத்தில் அலசப்பட வேண்டிய மண் ஏழெட்டுச் சாக்குகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தது.